பள்ளித் தலைமைக்கு மனநலப் பயிற்சி: தலைமையாசிரியர்களும் தாளாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, மெட்ரிக், சி.பி.எஸ்.இ. என்று எல்லா வகைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களோடும் உட்கார்ந்து மாணவர் மனநலம் பற்றிப் பேசுவது என் வேலை. எந்த ஊருக்குப் போனாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மேடையில் மைக் பிடித்துக் கேட்கும் கேள்வி வேறு, டீ நேரத்தில் ஓரமாக வந்து குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி வேறு. இரண்டையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

சிலபஸ் முடிப்பதே பெரும்பாடு. மனநலத்துக்கு ஒரு கவுன்சிலரைப் போட்டால் போதாதா, எச்.எம்.முக்கு எதற்குத் தனிப் பயிற்சி?

கவுன்சிலர் ஒரு அறையில் ஒரு குழந்தையோடு பேசுவார். அந்தக் குழந்தை அறையை விட்டு வெளியே வந்ததும் எந்த செக்ஷனில் உட்காருகிறது, அதன் மார்க் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படுகிறதா, பி.டி. பீரியடை கணக்கு சார் வாங்கிக்கொண்டாரா, ஃபீஸ் கட்டாததற்கு வகுப்பில் எழுந்து நிற்க வைத்தார்களா, ஞாயிற்றுக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸா என்பதையெல்லாம் முடிவு செய்வது உங்கள் மேஜை. கவுன்சிலரால் இவற்றில் ஒன்றைக்கூட மாற்ற முடியாது.

ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பை மார்க் வாரியாக ஏ, பி, சி என்று பிரித்திருந்தார்கள். கவுன்சிலரிடம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் 'சி' செக்ஷன். அவர் வாரக்கணக்கில் ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசினார், பிள்ளைகளும் கொஞ்சம் தெளிந்து வகுப்புக்குத் திரும்பிப் போவார்கள், அங்கே மறுபடியும் "நீங்க சி செக்ஷன்தானே" என்ற பேச்சு காத்துக்கொண்டிருக்கும். அடுத்த ஜூனில் தலைமையாசிரியை செக்ஷன்களைக் கலந்துவிட்டார். அதை அவரால் மட்டும்தான் செய்ய முடிந்தது. பயிற்சி இதற்காகத்தான். உங்களை மனநல நிபுணராக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை, உங்கள் கையில் இருக்கும் முடிவுகள் பிள்ளைகளின் மனதில் எங்கே போய் விழுகின்றன என்று பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாழ்க்கையில் வரும் மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். 14 வயது என்றால் எட்டாவது, ஒன்பதாவது. 2015-16 தேசிய மனநல ஆய்வில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நாற்பது பேர் வகுப்பில் மூன்று பேர். அந்த மூன்று பேரும் ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் இருப்பது உங்கள் கூரைக்குக் கீழே.

இது சட்டப்படி கட்டாயமா, விருப்பம் இருந்தால் செய்வதா?

கட்டாயம்தான். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டு நெறிமுறைகளைச் சொன்னது. தனிச் சட்டம் வரும் வரை அவை எல்லாக் கல்வி நிலையங்களுக்கும் பொருந்தும், கோச்சிங் சென்டர், விடுதி உட்பட. 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஒரு கவுன்சிலரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய பள்ளி, வெளியில் இருக்கும் நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் மட்டுமல்லாமல் மற்ற ஊழியர்களுக்கும் வருடத்துக்குக் குறைந்தது இரண்டு முறை, தகுதி பெற்ற மனநல நிபுணர்களைக் கொண்டு பயிற்சி தர வேண்டும். மார்க்கை வைத்து வகுப்பு பிரிப்பது, எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவது இரண்டையும் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. உதவி எண்களை வகுப்பறையிலும் விடுதியிலும் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும்.

இதற்கு முன்பே, 2020-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தில், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை, முடிந்தால் ஒரு ஆண் ஒரு பெண் என்று, நலத் தூதர்களாக வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அவர்கள் எடுக்க வேண்டிய 11 தலைப்புகளில் மனநலமும் ஒன்று. மாணவர் தற்கொலையைத் தடுக்க 2023-ல் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட 'உம்மீத்' வரைவு வழிகாட்டுதல், பள்ளித் தலைவரின் பொறுப்பில் ஒரு நலக் குழு அமைக்கச் சொல்கிறது. ஆக எந்தக் காகிதத்தை எடுத்தாலும் பொறுப்பு உங்கள் பெயருக்குத்தான் வந்து நிற்கிறது, பயிற்சி மட்டும் பெரும்பாலும் வகுப்பாசிரியரோடு நின்றுவிடுகிறது. இங்கிலாந்தில் 2021 முதல் பள்ளி நிர்வாகத்தில் ஒருவரை மனநலப் பொறுப்பாளராகப் பயிற்றுவிக்கவே பள்ளிக்கு 1,200 பவுண்டு மானியம் கொடுத்தார்கள். தலைமையைத் தனியாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது நான் மட்டும் சொல்வதல்ல.

ஆசிரியர்களுக்கு நன்றாகப் பயிற்சி கொடுத்துவிட்டு, அவர்களையே கவுன்சிலர் வேலையும் பார்க்கச் சொல்லலாமா? ஆள் போட எங்களிடம் பணம் இல்லை.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 70-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், 'சேஹர்' என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவுகள் 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. ஒரு பகுதிப் பள்ளிகளில் இந்த வேலைக்கென்றே ஒரு ஆளைப் போட்டார்கள், பெரிய பட்டம் பெற்ற நிபுணர் அல்ல, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆள். இன்னொரு பகுதியில் அதே வேலையை ஆசிரியரிடம் கொடுத்தார்கள். தனி ஆள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் தெளிவாக மேம்பட்டது, ஒருவரை ஒருவர் சீண்டுவதும் மனச்சோர்வும் குறைந்தன. ஆசிரியரிடம் கொடுத்த பள்ளிகளில் குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை.

ஆசிரியர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. முப்பது பீரியட் எடுத்து, பேப்பர் திருத்தி, எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் தகவல் இணையதளத்தில் பதிவேற்றி, தேர்தல் வேலைக்கும் போய்வரும் ஒருவரிடம் இன்னொரு முழு வேலையைத் தூக்கி வைத்தால் அது நடக்காது, அவ்வளவுதான். அதோடு, மார்க் போடுகிறவரிடமே மனதைத் திறந்து பேசுவது பிள்ளைக்கும் கஷ்டம். ஆகவே ஆசிரியர் கவனிக்கட்டும், காது கொடுக்கட்டும், சரியான ஆளிடம் சேர்க்கட்டும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். தனியாக ஆள் போட முடியாத பள்ளிகள், பக்கத்துப் பள்ளிகள் மூன்று நான்கோடு சேர்ந்து ஒருவரைப் பகிர்ந்துகொள்ளலாம், வாரத்தில் ஒரு நாள் வந்தாலும் அந்த நாள் நிச்சயமாக வர வேண்டும்.

பயிற்சியில் அப்படி என்னதான் சொல்லித்தருவீர்கள்?

உலக சுகாதார நிறுவனத்தின் மனநல முதலுதவி முறையில் மூன்று சொற்கள் உண்டு: பார், கேள், இணை. பள்ளிக்கு இந்த மூன்றே போதும், ஆனால் மூன்றையும் பழக வேண்டும். கேட்பதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்று நினைப்போம். பயிற்சியில் ஒருவர் மாணவராகவும் ஒருவர் தலைமையாசிரியராகவும் நடிக்கும்போது, இருபது வருட அனுபவம் உள்ளவர்கூட ஒரு நிமிடம் ஆவதற்குள் அறிவுரையில் இறங்கிவிடுவார். "இதுக்கெல்லாம் போய் கவலைப்படலாமா, அப்துல் கலாம் எப்படி வளர்ந்தார் தெரியுமா" என்று. அந்த இடத்தில் பிள்ளை வாயை மூடிவிடும். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனாலும் மூடிவிடும்.

மற்ற நேரம் எல்லாம் உங்கள் பள்ளியின் டைம்டேபிளையும் விதிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தாமதமாக வரும் பிள்ளையை கேட்டில் எத்தனை நிமிடம் நிறுத்துகிறீர்கள், யார் அதனிடம் பேசுகிறார், வீட்டில் சமைத்துவிட்டு தம்பியைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிற பெண்ணா என்று யாராவது கேட்டார்களா. இப்படி.

ஒரு பிள்ளைக்கு மனதளவில் ஏதோ சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோரும்தான் டல்லாக இருக்கிறார்கள்.

மாற்றத்தைப் பாருங்கள். எப்போதும் அமைதியாக இருக்கும் பையன் அமைதியாக இருப்பது அவன் சுபாவம். வாயாடிப் பெண் இரண்டு வாரமாகப் பேசாமல் இருந்தால் அது செய்தி. கையெழுத்து திடீரென்று குலைவது, டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குப் போவது, திங்கட்கிழமை மட்டும் வயிற்றுவலி, வெயிலிலும் முழுக்கைச் சட்டை, தனக்குப் பிடித்த பொருளையெல்லாம் நண்பர்களுக்குக் கொடுத்துவிடுவது. எரிந்து விழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாக ஆண் பிள்ளைகளிடம். அவர்கள் சோகத்தை அழுது காட்டுவதில்லை, சண்டையாகக் காட்டுவார்கள், நாம் அதை ஒழுங்கீனம் என்று எழுதிவிடுவோம்.

இதையெல்லாம் முதலில் பார்ப்பது நீங்களோ வகுப்பாசிரியரோ அல்ல. ஆயாம்மா, வேன் டிரைவர் அண்ணன், வாட்ச்மேன், சத்துணவு அமைப்பாளர், கேன்டீன்காரர். பாத்ரூமில் எந்தப் பெண் இடைவேளை முழுக்க நின்று அழுகிறாள் என்று ஆயாம்மாவுக்குத் தெரியும். அவர்களைப் பயிற்சிக்கு அழைக்காத பள்ளி பாதிக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. அழைத்தால் மட்டும் போதாது, அவர்கள் சொன்னால் யாரிடம் சொல்வது, சொன்னதால் திட்டு விழாது என்பதையும் நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அப்புறம், எல்லாவற்றையும் மனநலப் பிரச்சினையாகப் பார்க்கவும் கூடாது. பசி, தூக்கமின்மை, ரத்தசோகை, கண்ணாடி போடாத கண், காது கேட்காமை எல்லாம் 'கவனமின்மை' போலவே இருக்கும். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது, ஆறாவதிலிருந்து வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். கற்றல் குறைபாடு இன்னொன்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அது இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப் பாட விலக்கு எல்லாம் கிடைக்கும். ஆனால் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு அந்த விண்ணப்பம் உங்கள் கையெழுத்தோடுதான் போக வேண்டும். பல வருடம் "சோம்பேறி" என்று திட்டு வாங்கிய பிள்ளைக்கு அந்த ஒரு காகிதம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நான் பார்த்திருக்கிறேன்.

"செத்துடலாம்னு இருக்கு" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், நோட்டில் எழுதியிருந்தால், அந்த நிமிடம் என்ன செய்வது?

அந்த நிமிடத்திலிருந்து பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக என்றாலும் ஒருவர் கூட இருக்கட்டும். அமைதியான இடத்தில் உட்கார வைத்து, பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியர் யாரோ அவரை வரச் சொல்லுங்கள். அதிர்ச்சியைக் காட்ட வேண்டாம், திட்ட வேண்டாம், "அம்மா அப்பாவை நினைச்சுப் பாத்தியா" என்று ஆரம்பிக்கவே வேண்டாம். "சொன்னது நல்லது கண்ணு, எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேளுங்கள். இன்றைக்கே ஏதாவது செய்யும் எண்ணம் இருக்கிறதா என்றும் நேராகக் கேளுங்கள். பெற்றோரை போனில் வரச் சொல்லும்போது முழு விஷயத்தையும் போனில் கொட்டாமல், "பிள்ளை பத்திரமாக இருக்கிறான், நேரில் பேச வேண்டும், இப்போதே வாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளையை பஸ்ஸில் தனியாக அனுப்பக் கூடாது, வீட்டு ஆள் கையில்தான் ஒப்படைக்க வேண்டும், வீட்டில் ஆபத்தான பொருட்களைப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்ல வேண்டும், அன்றைக்கே மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே போய்ச் சேரும் வரை என்ன செய்வது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். அரசின் மருத்துவ உதவி எண் 104-ம் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் ஸ்நேகாவின் எண் 044-24640050. பிள்ளைகள் எந்தக் கஷ்டத்துக்கும் கூப்பிட 1098.

அப்படி நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தது போல ஆகாதா?

ஆகாது. இதைப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள், கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை. எண்ணம் இல்லாத பிள்ளை "ஐயோ இல்ல மிஸ்" என்று சொல்லிவிடும். இருக்கிற பிள்ளைக்கு, இத்தனை நாள் யாரிடமும் சொல்ல முடியாததை ஒருவர் வாய் திறந்து கேட்டுவிட்டாரே என்று பெரிய பாரம் இறங்கும்.

முயற்சி செய்துவிட்டால் போலீஸ் கேஸ் ஆகுமே? பள்ளியின் பெயர் கெடாமல் டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாமா?

டீ நேரத்தில் மட்டுமே கேட்கப்படும் கேள்வி இது. பிள்ளை குற்றவாளி ஆகாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவும் 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை.

டி.சி. விஷயத்தில் நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன், கொடுக்காதீர்கள். உயிரோடு மீண்டு வந்த பிள்ளைக்கு நண்பர்கள், தெரிந்த பெஞ்ச், தெரிந்த மிஸ், இவைதான் பிடிமானம். அதை அந்த நேரத்தில் பிடுங்கி எறிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். திரும்பி வரும் முதல் நாளை முன்கூட்டியே திட்டமிடுங்கள். கேட்டில் யார் அழைத்துக்கொள்வது, விட்டுப்போன பாடத்தை எப்படிக் குறைத்துக் கொடுப்பது, யாராவது கேட்டால் பிள்ளை என்ன சொல்ல விரும்புகிறது என்று அதனிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

"என் பிள்ளையைப் பைத்தியம்னு சொல்றீங்களா" என்று பெற்றோர் சண்டைக்கு வந்தால்?

வருவார்கள். பயந்துபோய்த்தான் வருகிறார்கள். 'மனநலம்', 'டிப்ரெஷன்', 'கவுன்சிலிங்' என்ற சொற்களோடு பேச்சைத் தொடங்க வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "ரெண்டு வாரமா மதியம் சாப்பிடறதில்லைம்மா, கடைசி பெஞ்சுல தலை சாய்ச்சே இருக்கான், முன்னெல்லாம் இப்படி இல்ல. வீட்டுல எப்படி இருக்கான்?" கேட்டதும் அந்த அம்மாவே ராத்திரி தூங்காததையோ வேறு எதையோ சொல்வார். அங்கிருந்து ஒன்றாக நடக்கலாம். அப்பாவையும் அம்மாவையும் பிள்ளை முன்னால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவரை வராண்டாவில் ஒரு மணி நேரம் காக்க வைத்துவிட்டு அவர் பொறுமையாகக் கேட்பார் என்று எதிர்பார்க்கவும் முடியாது. கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டு வருகிறோம் என்றால் மறுக்க வேண்டாம், கட்டிவிட்டு டாக்டரையும் பார்த்துவிடலாம் என்று சொல்லுங்கள்.

பேசும்போது பாலியல் தொந்தரவு என்று தெரியவந்தால், முதலில் நாங்களே விசாரிக்கலாமா?

கூடாது. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, தெரிந்தாலும் சந்தேகம் வந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர் செய்த குற்றத்தை நீங்கள் மறைத்தால் நிறுவனப் பொறுப்பாளர் என்ற முறையில் ஓராண்டு வரை சிறை. "சமரசமாகப் போய்விடலாம்" என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய ஆள் சொன்னாலும், கேட்காதீர்கள். பிள்ளையை மறுபடி மறுபடி சொல்ல வைக்கவும் வேண்டாம். 1098-க்குச் சொல்லுங்கள், அவர்கள் கூட வருவார்கள்.

பொதுத்தேர்வு ரிசல்ட் நாளை நினைத்தாலே பயமாக இருக்கிறது. பள்ளி லீவில் இருக்கும்போது நாங்கள் என்ன செய்ய முடியும்?

வருடத்தில் ஒரே ஒரு நாளுக்குத் திட்டம் போட முடியும் என்றால் இந்த நாளுக்குப் போடுங்கள். ரிசல்ட் வருவதற்கு முந்தின நாளே, தவற வாய்ப்புள்ளவர்கள் பட்டியலோடு இன்னொரு பட்டியலும் எழுதுங்கள்: 580 எதிர்பார்த்து 540 வரக்கூடியவர்கள். இவர்களை நாம் மறந்துவிடுவோம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஆசிரியர், பிள்ளைக்குப் பிடித்தவராகப் பார்த்து. ரிசல்ட் வந்த ஒரு மணி நேரத்துக்குள் போன் போய்விட வேண்டும், பிள்ளையிடமே பேச வேண்டும். எடுக்கவில்லை என்றால் அக்கம்பக்கத்தில் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: துணைத் தேர்வு அடுத்த சில வாரங்களில் வருகிறது, எழுதினால் இந்த வருடமே கல்லூரி சேரலாம், ஃபார்ம் நிரப்ப நான் இருக்கிறேன், திங்கட்கிழமை காலை பள்ளிக்கு வா. மேற்படிப்புச் சந்தேகத்துக்கு 14417 இருக்கிறது.

அன்றைக்கே முதல் மூன்று இடம் பிடித்தவர்களின் ஃபிளக்ஸ் பேனர் வாசலில் ஏறும். வைக்காதீர்கள் என்று சொன்னால் தாளாளர்கள் கோபப்படுகிறார்கள், அட்மிஷன் நேரம் என்கிறார்கள். அவர்கள் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் தவறிய பிள்ளை சான்றிதழ் வாங்க அந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பக்கத்து கேட்டைத் திறந்து வைத்த ஒரு தலைமையாசிரியரைச் சந்தித்திருக்கிறேன், அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

வருடா வருடம் ஒரு பேச்சாளரைக் கூப்பிட்டு மோட்டிவேஷன் நிகழ்ச்சி நடத்துகிறோமே. எல்லாப் பிள்ளைகளும் உருகி அழுதார்கள். அது போதாதா?

விளக்கை அணைத்து, சோக இசை போட்டு, அம்மா அப்பா பட்ட கஷ்டத்தைச் சொல்லி ஐநூறு பிள்ளைகளை ஒரே நேரத்தில் அழ வைக்கும் நிகழ்ச்சி நம் ஊரில் நிறைய நடக்கிறது. எனக்கு இதில் கடுமையான எதிர்ப்பு உண்டு. ஏற்கெனவே 'நான் வீட்டுக்குப் பாரம்' என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை அந்தக் கூட்டத்தில் இருக்கிறது. அம்மாவை இழந்த பிள்ளை இருக்கிறது, தினம் குடித்துவிட்டு அடிக்கும் அப்பாவின் காலில் விழச் சொல்லப்படும் பிள்ளை இருக்கிறது. அழுதுமுடித்த பிறகு அவர்களோடு உட்கார ஒருவரும் இல்லை, பேச்சாளர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அந்தப் பணத்தில் சில மாதங்களுக்கு வாரம் ஒரு நாள் கவுன்சிலர் வரலாம்.

அப்படியென்றால் பயிற்சி தர யாரைக் கூப்பிடுவது? செலவு?

முதலில் இலவசமானதைத் தேடுங்கள். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் இயங்குகிறது, பள்ளிகளுக்கு வந்து பேசுவதும் அவர்கள் வேலையில் அடங்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒரு கடிதம் கொடுங்கள். தனியாரை அழைத்தால் படிப்பைக் கேளுங்கள். மனநல மருத்துவரா, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா, மனநலச் சமூகப் பணியாளரா. மூன்று நாள் சான்றிதழ் வகுப்பு முடித்தவர்கள் 'சைக்காலஜிஸ்ட்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்கிறார்கள், கேட்பதில் சங்கடப்பட வேண்டாம். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "மூன்று மாதம் கழித்து மறுபடி வருவீர்களா?" வரமாட்டேன் என்பவர் வேண்டாம்.

பிள்ளை சொன்னதை ரகசியமாக வைப்பது எப்படி? ஸ்டாஃப் ரூமில் ஒரு மணி நேரத்தில் பரவிவிடுகிறது.

பரவினால் அதன் பிறகு எந்தப் பிள்ளையும் உங்களிடம் வராது. யாருக்குத் தெரிந்தே ஆக வேண்டுமோ அவருக்கு மட்டும், அதுவும் தேவையான அளவு. பாட ஆசிரியருக்கு "கொஞ்ச நாள் வீட்டுப்பாடம் குறைத்துக் கொடுங்கள்" என்றால் போதும், காரணம் வேண்டாம். குறிப்பேட்டைப் பூட்டி வையுங்கள். வாட்ஸப் குரூப்பில் ஒரு வரிகூடக் கூடாது. பிள்ளையிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் நான் வேறொருவரிடம் சொல்ல வேண்டிவரும்." சத்தியம் செய்துகொடுத்துவிட்டுப் பிறகு மீறுவது பெரிய துரோகமாகப் படும்.

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருக்கும் பள்ளிகளுக்கும் இதே பேச்சுத்தான். பெட்டி எச்.எம். அறை வாசலில், எல்லோரும் பார்க்கும்படி இருந்தால் யார் போடுவார்கள்? சாவி யாரிடம், எந்தக் கிழமை திறப்பது, கையெழுத்தை வைத்து ஆளைத் தேடாமல் இருப்பது எப்படி என்று முடிவு செய்துவிட்டு மாட்டுங்கள்.

இப்படியெல்லாம் இளகினால் ஒழுக்கம் என்ன ஆகும்? பிள்ளைகளுக்குப் பயமே இல்லாமல் போய்விட்டது.

கண்டிப்பு வேண்டும். நேரத்துக்கு வர வேண்டும், இன்னொரு பிள்ளையைக் கேலி செய்யக் கூடாது, செய்தால் அதற்கு விளைவு உண்டு. அந்த விளைவு என்ன என்று எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்து, எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு சேர்த்தே தடை செய்கிறது. சாதியைக் குத்திக் காட்டுவது, அப்பாவின் தொழிலைச் சொல்வது, நிறத்தைச் சொல்வது, பெண் பிள்ளையின் நடத்தையைப் பற்றி வகுப்பு நடுவில் பேசுவது, இவை பிரம்பைவிட ஆழமாக இறங்கும். உங்கள் ஆசிரியர்களில் யார் இப்படிப் பேசுகிறார் என்று உங்களுக்குத் தெரியும். அவரைத் தனியாக அழைத்துப் பேசுவதுதான் இந்த வருடத்தில் நீங்கள் செய்யப்போகும் மிகப் பெரிய மனநலப் பணியாக இருக்கலாம்.

நடக்கக் கூடாதது நடந்து, ஒரு மாணவர் இறந்துவிட்டால்?

உண்மையைச் சுருக்கமாக, வகுப்பு வகுப்பாக, பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆசிரியர் சொல்லட்டும். மைதானத்தில் எல்லோரையும் கூட்டி மைக்கில் சொல்ல வேண்டாம். எப்படி இறந்தார் என்ற விவரம் வேண்டாம், ஒரே காரணத்தைச் சொல்லவும் வேண்டாம், மார்க், காதல், திட்டு என்று எதையும். பெரிய படம் வைத்து நாள்கணக்கில் அஞ்சலி நடத்தினால், மனம் உடைந்த இன்னொரு பிள்ளைக்கு அது ஒரு வழியாகத் தோன்றிவிடும் ஆபத்து இருக்கிறது. விபத்தில் இறந்த பிள்ளைக்கு என்ன மரியாதை செய்வீர்களோ அதே அளவு. நெருங்கிய நண்பர்கள், கடைசியாகச் சண்டை போட்டவர், தம்பி தங்கை, அதே பஸ்ஸில் வந்தவர்கள், முன்பு இப்படிப் பேசியிருந்தவர்கள் என்று தேடிப் போய்ப் பேசுங்கள். மாவட்ட மனநலக் குழுவை அன்றே அழையுங்கள். அந்த வகுப்பாசிரியரை மறக்காதீர்கள், அவர் வருகைப் பதிவேட்டை எடுத்தால் அந்தப் பெயரைத் தாண்டித்தான் வாசிக்க வேண்டும்.

எல்லோரையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். எனக்கு ராத்திரி தூக்கமே வருவதில்லை. என்னை யார் பார்ப்பது?

ஒரு பெண் தலைமையாசிரியர் என்னை வழியனுப்ப கார் வரை வந்து இதைக் கேட்டார். காலையில் சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ் போன், மதியம் பெற்றோர் சண்டை, மாலையில் எமிஸ், நடுவில் இரண்டு வகுப்பு, வீட்டுக்குப் போனால் மாமியாருக்கு மருந்து. யாரிடமும் சொல்ல முடியாத பதவி இது, மேலே சொன்னால் திறமையில்லை என்பார்கள், கீழே சொன்னால் பரவிவிடும். அதனால் பயிற்சிக்கு வந்த தலைமையாசிரியர்களை நான்கைந்து பேராகப் பிரித்து, மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குச் சந்திக்கச் சொல்கிறேன். மினிட்ஸ் எழுத வேண்டாம், ரிப்போர்ட் வேண்டாம், வேறு ஒன்றியத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. அவருக்கும் அப்படி ஒரு குழு அமைந்தது. தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினால் நீங்களும் டாக்டரைப் பார்க்க வேண்டும். 14416 பிள்ளைகளுக்கான எண் மட்டுமல்ல, நீங்கள் கூப்பிட்டாலும் எடுப்பார்கள், பதவி என்ன என்று கேட்க மாட்டார்கள்.